பிசிஓஎஸ் சினைப்பையில் புரதங்கள் மாறுகின்றன என்றால் என்ன பொருள்? ஏற்காட்டுத் தங்கைக்கு ஒரு பதில்

ஏற்காட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வயது 26. மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சில சமயம் மூன்று மாதம்கூட ஆகிவிடுகிறது. முகத்தில், தாடையோரம் முடி. மலையிறங்கி வந்து சேலத்தில் ஸ்கேன் எடுத்தபோது "இரண்டு பக்கமும் பல்கி ஓவரி, பிசிஓஎஸ்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது சினைப்பைகள் பெருத்திருக்கின்றன, ஊரில் "நீர்க்கட்டி" என்று சொல்கிற பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் இருக்கிறது என்று பொருள். அதன்பிறகு எங்கோ ஓர் ஆய்வுச் செய்தி படித்திருக்கிறார்: பிசிஓஎஸ் உள்ள பெண்களின் சினைப்பைத் திசுவில் பல டஜன் புரதங்களின் அளவு மாறியிருக்கிறதாம். அவர் கேட்பது இவ்வளவுதான்: "என் சினைப்பை கெட்டுப்போச்சா அக்கா? அந்தப் புரதங்களைப் பார்க்கிற டெஸ்ட் சேலத்துல எங்கே எடுப்பாங்க? எனக்குப் பெண் குழந்தை பிறந்தா அவளுக்கும் வருமா? புரதம்னு சொன்னதும் மாமியார் முட்டையை நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்தணுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முட்டையை நிறுத்த வேண்டாம். தின்கிற புரதம் எதுவானாலும் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் இரத்தத்துக்குள் போகும். சினைப்பைக்குத் தேவையான புரதங்களை அதன் செல்கள் தங்கள் மரபணுக்களைப் பார்த்துத் தாங்களே செய்துகொள்கின்றன. கோழிமுட்டைப் புரதம் அங்கே போய் உட்காருவதில்லை. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

டெஸ்ட் கேள்விக்கு நேரடியான பதில்: அப்படி ஒரு டெஸ்ட் சேலத்தில் மட்டுமல்ல, உலகத்தில் எந்த ஊரிலும் நோயாளிக்கு எடுப்பதில்லை. சினைப்பையிலிருந்து சதை வெட்டி எடுத்து பிசிஓஎஸ் கண்டுபிடிக்கிற வழக்கம் கிடையாது, தேவையும் இல்லை. வெட்டினால் முட்டையிருப்புதான் குறையும். நான் மருத்துவர் அல்ல. புரத வேதியியல் படித்து, சேலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். அதனால் நீங்கள் படித்த அந்தச் செய்தியை எப்படி வாசிப்பது என்பதைச் சொல்லத்தான் எனக்குத் தகுதி உண்டு. பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "நீர்க்கட்டி". ஸ்கேனில் மணிமணியாகத் தெரிபவை கட்டிகளே அல்ல. ஒவ்வொன்றும் ஒரு ஃபாலிக்கிள், அதாவது ஒரு முட்டையைச் சுமந்துகொண்டிருக்கும் சின்னப் பை. மாதாமாதம் ஒரு கூட்டமாகச் சில ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கும். ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகி, வெடித்து, முட்டையை வெளியே விடும். மற்றவை கரைந்துபோகும். பிசிஓஎஸ்ஸில் அந்த ஒன்று முந்துவதில்லை. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே எல்லாம் தேங்கி நின்றுவிடுகின்றன. ஆகவே "கெட்டுப்போச்சா" என்ற கேள்விக்கு இல்லை என்பதே பதில். முட்டைகள் இருக்கின்றன, கிளம்பாமல் நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்பதைத்தான் புரத ஆய்வுகள் துருவுகின்றன.

இந்தத் திசுவை முதலில் கவனமாகப் பார்த்து எழுதியவர்கள் சிகாகோவின் இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவன்தாலும். 1935-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பைகள் பெருத்து, மேல்தோல் தடித்து வெளுத்திருந்தன. இருவரும் ஒவ்வொரு சினைப்பையிலிருந்தும் ஆப்பு வடிவில் ஒரு பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். மாதவிலக்கு திரும்ப வந்தது, இரண்டு பேர் கருத்தரித்தார்கள். ஏன் வேலை செய்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆண் ஹார்மோன் செய்கிற திசுவில் ஒரு பங்கை அவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள் என்பது பின்னாளில் புரிந்தது.

ஆண் ஹார்மோன் என்றதும் பயப்பட வேண்டாம். எல்லாப் பெண்ணின் சினைப்பையும் அதைச் செய்கிறது, செய்தே ஆகவேண்டும். ஒவ்வொரு ஃபாலிக்கிளையும் சுற்றி இரண்டு வகைச் செல்கள் உண்டு. வெளிச்சுற்றில் தீகா செல்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிற எல்ஹெச் ஹார்மோன் தட்டினால் இவை கொலஸ்ட்ராலை எடுத்து ஆண்ட்ரோஜென், அதாவது ஆண் ஹார்மோன், செய்யும். கொலஸ்ட்ராலை செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தள்ளிவிட ஸ்டார் என்றொரு புரதம், அதை வெட்ட சிஒய்பி11ஏ1 என்ற நொதி, அடுத்த வெட்டுக்கு சிஒய்பி17ஏ1. உள்சுற்றில் கிரானுலோசா செல்கள். அதே பிட்யூட்டரி அனுப்புகிற எஃப்எஸ்ஹெச் ஹார்மோனின் சொல் கேட்டு அரோமட்டேஸ் என்ற நொதியைச் செய்து, வெளியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜெனை ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுவது இவற்றின் வேலை. வெளியே இருப்பவர் செய்து தர, உள்ளே இருப்பவர் மாற்றிக்கொள்ள வேண்டும். பிசிஓஎஸ்ஸில் வெளியே உற்பத்தி கூடிவிட்டது, உள்ளே மாற்றம் பின்தங்கிவிட்டது. நீங்கள் படித்த பட்டியலில் எந்தப் புரதம் வந்தாலும், அது இந்த இரண்டில் யாருடையது என்று கேட்காமல் நகரக் கூடாது.

அங்கேதான் சிக்கல். திசு ஆய்வு எப்படி நடக்கிறது? வேறு காரணத்துக்காக அறுவை செய்துகொள்ளும் பெண்களிடம் சம்மதம் வாங்கி, சின்னத் துண்டு எடுப்பார்கள். அதை உறையவைத்து, அரைத்து, புரதத்தைப் பிரித்தெடுப்பார்கள். பழைய முறையில் ஒரு ஜெல் பலகையில் புரதங்களை மின்னேற்றத்தின்படி ஒரு திசையிலும் எடையின்படி மறு திசையிலும் ஓடவிடுவார்கள். புள்ளி புள்ளியாக விரியும். பிசிஓஎஸ் பலகையில் அழுத்தமாகத் தெரிகிற புள்ளியை நோண்டி எடுத்து, மூலக்கூறுகளின் எடையை அளக்கும் நிறைமானியில் போட்டு, இன்ன புரதம் என்று கண்டுபிடிப்பார்கள். 2007-இல் சீனாவிலிருந்து வந்த முழுச் சினைப்பைத் திசு ஆய்வு இந்த வகை. இன்று ஜெல் இல்லாமலே ஆயிரக்கணக்கான புரதங்களை நேரடியாக நிறைமானியில் எண்ண முடிகிறது. ஆனால் அரைப்பது மாறவில்லை.

அரைத்தால் என்ன ஆகிறது என்பதற்கு உங்கள் ஊர்க் காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொட்டலம் காப்பிப் பொடி. இரண்டாவதில் காபீன் குறைவு என்று ஆய்வுக்கூடம் சொல்கிறது. ஏற்காட்டுக் கொட்டை மாறிவிட்டதா? இல்லை, கடைக்காரர் சிக்கரியைக் கூட்டிவிட்டார், சிக்கரியில் காபீன் கிடையாது. பிசிஓஎஸ் சினைப்பையிலும் கலவையே வேறு. தேங்கிய ஃபாலிக்கிள்கள் அதிகம், ஒவ்வொன்றையும் சுற்றித் தீகா அதிகம், இடைத்திசு தடிப்பு, மேல்தோலில் கொலாஜென் அதிகம். முழுத்திசுவை அரைத்தால் தீகாவின் புரதங்களும் நார்த்திசுப் புரதங்களும் "கூடியிருக்கின்றன" என்று வரத்தான் செய்யும். ஒரு செல்லுக்குள் எதுவுமே மாறாமல் இருந்தாலும் வரும். நீங்கள் படித்தது போன்ற செய்திகளில் இந்த ஒரு வரி இருப்பதேயில்லை. எனக்கு அதில் கோபமே உண்டு.

இன்னொரு எச்சரிக்கை, இது என் துறையின் குடும்ப ரகசியம் மாதிரி. இந்த மாதிரிப் பட்டியல்களில் அன்னெக்ஸின், ஈனோலேஸ், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், பெராக்சிரெடாக்ஸின் என்று சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 2008-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான வேலை செய்தார்கள். ஜெல் முறையில் செய்த பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி, எந்தப் புரதங்கள் அடிக்கடி "மாறியிருக்கின்றன" என்று எண்ணினார்கள். எந்த நோய், எந்த உறுப்பு, எந்த விலங்கு என்ற வித்தியாசமே இல்லாமல் மேலே சொன்ன அதே கூட்டம்தான் முன்னால் நின்றது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவை செல்லில் ஏராளமாக இருப்பவை, ஜெல்லில் எளிதில் கண்ணில் படுபவை, செல்லுக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் ஏறி இறங்குபவை. பிசிஓஎஸ் பட்டியலில் அவை வந்தால் "செல் சிரமப்படுகிறது" என்று எடுத்துக்கொள்ளலாம். "பிசிஓஎஸ்ஸின் காரணம் கிடைத்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்கும் உண்டு. ஆயிரம் புரதங்களை இரு குழுக்களிடையே ஒப்பிட்டால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், தற்செயலாக வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புள்ள வேறுபாட்டை "மாற்றம்" என்று கொள்ளும் வழக்கமான வரம்பு வைத்தால் ஐம்பது புரதங்கள் தற்செயலாகவே "மாறியவை" ஆகிவிடும். நல்ல ஆய்வு அதற்குத் திருத்தம் செய்திருக்கும், பிறகு வேறு பெண்களிடம், வேறு முறையில் சரிபார்த்திருக்கும். ஒப்பீட்டுக்கு எடுத்த பெண்களின் வயது என்ன, உடல் எடை என்ன, மாதவிலக்குச் சுழற்சியில் எந்த நாள் என்பதும் முக்கியம். சினைப்பை நாளுக்கு நாள் மாறுகிற உறுப்பு.

அப்படியானால் எல்லாமே கானல்நீரா? இல்லை. அரைப்பதை விட்டுவிட்டு, ஒருவகைச் செல்லை மட்டும் பிரித்து வளர்த்துப் பார்த்தவர்கள் உறுதியான சில விஷயங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜேன் மெக்கலிஸ்டர், ஜெரோம் ஸ்ட்ராஸ் ஆகியோரின் குழுக்கள் தீகா செல்களைத் தனியே பிரித்து, உடலின் ஹார்மோன் எதுவும் தீண்டாத தட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தன. பிசிஓஎஸ் பெண்ணின் தீகா செல் அங்கேயும் அதிக ஆண்ட்ரோஜென் செய்தது. சிஒய்பி17ஏ1, சிஒய்பி11ஏ1 இரண்டின் உற்பத்தியும் கூடியே இருந்தது. பிட்யூட்டரி பக்கத்தில் இல்லை, இன்சுலின் மிகுதி இல்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை. இது கலவைக் கணக்கில் அடங்காது. செல்லுக்குள்ளேயே ஏதோ ஒன்று பதிந்துபோயிருக்கிறது.

அது என்ன என்பதற்கு ஒரு துப்பு 2011-இல் சீனாவின் ஹான் இனப் பெண்களிடம் செய்த மரபணு ஆய்விலிருந்து வந்தது. பிசிஓஎஸ்ஸோடு சேர்ந்து வரும் மரபணுப் பகுதிகளில் ஒன்று டென்டி1ஏ. பிறகு ஐரோப்பியப் பெண்களிடமும் அது தெரிந்தது. இந்த மரபணு ஒரே புரதத்தைச் செய்வதில்லை. நீளமாக ஒன்று, வால் வெட்டுப்பட்ட குட்டையாக ஒன்று என இரண்டு வடிவங்கள் செய்கிறது. 2014-இல் மெக்கலிஸ்டர் குழு காட்டியது இதுதான்: பிசிஓஎஸ் தீகா செல்களில் குட்டை வடிவம் அதிகம். சாதாரணத் தீகா செல்லில் குட்டை வடிவத்தை வலுக்கட்டாயமாகக் கூட்டினால் அது பிசிஓஎஸ் செல் போலவே ஆண்ட்ரோஜென் கக்குகிறது. பிசிஓஎஸ் செல்லில் அதைக் குறைத்தால் ஆண்ட்ரோஜெனும் குறைகிறது. கூட்டியும் பார், குறைத்தும் பார் என்ற இந்தச் சோதனை இருக்கிறதே, நூறு பட்டியல்களை விட எனக்கு இது பெரிது. பட்டியல், எங்கே தோண்டலாம் என்று காட்டும். இது தோண்டிப் பார்த்தது.

உள்சுற்றுக்கு வருவோம். அங்கே பெரிய பெயர் ஏஎம்ஹெச். டாக்டர் இதை இரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருக்கலாம். கிரானுலோசா செல் செய்கிற புரதம் இது. பிசிஓஎஸ்ஸில் இரத்தத்தில் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடியிருப்பது வழக்கம். சின்ன ஃபாலிக்கிள்கள் அதிகம், அதனால் ஏஎம்ஹெச் அதிகம் என்று தோன்றும், மறுபடியும் சிக்கரிக் கணக்குதான் என்று. ஆனால் 2007-இல் லண்டன் குழு ஒன்று செல்லுக்குச் செல் ஒப்பிட்டது. முட்டை வெளிவராத பிசிஓஎஸ் பெண்களின் கிரானுலோசா செல்கள் சாதாரணச் சினைப்பையின் செல்களை விடச் சராசரியாக 75 மடங்கு ஏஎம்ஹெச் செய்தன. அந்த எண்ணை முதலில் பார்த்தபோது நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஏஎம்ஹெச் என்ன செய்கிறது? எஃப்எஸ்ஹெச்சின் குரலை மந்தமாக்குகிறது, அரோமட்டேஸை அடக்குகிறது. ஃபாலிக்கிள் 10 மில்லிமீட்டரைத் தாண்டி முந்த முடியாமல் நிற்பதில் இதற்கும் பங்கிருப்பதாகக் கருதுகிறார்கள்.

மூன்றாவது, இன்சுலின். ஆண்ட்ரியா டனாய்ஃப் குழு 1990-களில் பிசிஓஎஸ் பெண்களின் தோல் செல்களை எடுத்துப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பேரிடம் இன்சுலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலத்தின் மேல் தேவைக்கு மேல் பாஸ்பேட் ஒட்டியிருந்தது. புரதத்தின் அளவு மாறவில்லை, அதன்மேல் ஒட்டியிருப்பது மாறியிருந்தது. அளவை மட்டும் எண்ணும் ஆய்வில் இது கண்ணில் படாது. இப்படி இன்சுலின் காது கேளாமல் போனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். ஆனால் தீகா செல் மட்டும் அதற்குச் செவிடாவதில்லை. எல்ஹெச்சோடு சேர்ந்துகொண்டு இன்சுலின் அதை இன்னும் ஆண்ட்ரோஜென் செய்யத் தூண்டுகிறது. ஈரலில் எஸ்ஹெச்பிஜி என்ற புரதத்தையும் குறைக்கிறது. அதுதான் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டிவைப்பது. பிடிப்பு குறைந்தால் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் கூடும். தாடையோர முடிக்கு நேரடிக் காரணம் அதுவே.

ஃபாலிக்கிளுக்குள் இருக்கும் திரவத்தையும் ஆராய்கிறார்கள். சோதனைக்குழாய் சிகிச்சையில் முட்டை எடுக்கும்போது எப்படியும் வெளியே வருவது அது, வெட்ட வேண்டியதில்லை. மும்பையின் தேசிய இனப்பெருக்க ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனம் பங்கெடுத்த ஓர் ஆய்வு, முட்டை முதிர்ந்து வெளிவருவதற்குத் தேவையான ஆம்ஃபிரெகுலின் போன்ற புரதங்கள் பிசிஓஎஸ் பெண்களின் திரவத்தில் மாறியிருப்பதைக் காட்டியது. நம் நாட்டுப் பெண்களிடம் செய்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. தெற்காசியப் பெண்களுக்கு இன்சுலின் எதிர்ப்பு குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. "ஒல்லியாத்தானே இருக்கே, உனக்கெதுக்கு சுகர் டெஸ்ட்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புரத ஆய்வால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2024-இல் ஷாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகக் குழு, மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் சிஒய்பி11ஏ1 நொதியைச் சிதைக்க வைக்கின்றன என்று காட்டியது. மைட்டோகாண்ட்ரியாவில் எல்ஓஎன்பி1 என்ற புரதம் தேவையில்லாத புரதங்களை வெட்டிப்போடும் வேலையில் இருக்கிறது. மருந்து இந்த இரண்டையும் அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது, ஆண்ட்ரோஜென் உற்பத்தி முதல் படியிலேயே குறைகிறது. 19 பெண்களிடம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் ஆண்ட்ரோஜெனும் ஏஎம்ஹெச்சும் குறைந்தன, பலருக்கு மாதவிலக்கு சீரானது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்ன முயற்சி அது. இதைப் படித்துவிட்டு மலேரியா மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போய் நிற்காதீர்கள். இன்னும் பெரிய சோதனைகள் வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் மருந்துகளும் புரதங்களைத்தான் குறிவைக்கின்றன. முட்டை வெளிவரக் கொடுக்கும் லெட்ரோசோல் மாத்திரை அரோமட்டேஸைச் சில நாள் அடைத்துவைக்கிறது. ஈஸ்ட்ரோஜென் இறங்குவதைப் பார்த்துப் பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சை ஏற்றிவிட, தேங்கி நின்ற ஒன்று முந்துகிறது. 2014-இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த ஒப்பீட்டில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதமும் பழைய குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதமும் குழந்தை பெற்றார்கள். குழந்தைக்கு முயலும் காலம் வரும்போது டாக்டரிடம் பேசுங்கள்.

மகளுக்கு வருமா? வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூடுதல், ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. நெதர்லாந்தின் இரட்டையர் ஆய்வு ஒன்று பரம்பரையின் பங்கை 70 சதவீதத்துக்கு அருகில் வைக்கிறது. ஒரே மரபணுவின் வேலை அல்ல, பல சேர்ந்து தள்ளுகின்றன. கருவறைச் சூழலுக்கும் பங்கு இருக்கலாம் என்று 2018-இல் பிரான்சின் லீல் நகரக் குழு காட்டியது. கர்ப்பிணிச் சுண்டெலிகளுக்கு ஏஎம்ஹெச் கொடுத்தபோது பிறந்த பெண்குட்டிகளுக்கு வளர்ந்தபின் பிசிஓஎஸ் போன்ற நிலை வந்தது. சுண்டெலியில் பார்த்ததை அப்படியே நம் பிள்ளைக்குப் பொருத்த முடியாது. மகள் பிறந்து வளர்ந்து வயதுக்கு வந்த உடனே ஸ்கேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம். முதல் மாதவிலக்கிலிருந்து எட்டு ஆண்டு வரை ஸ்கேனையோ ஏஎம்ஹெச்சையோ வைத்து பிசிஓஎஸ் முடிவு செய்யக் கூடாது என்று 2023-இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நல்ல சினைப்பையே அப்படித்தான் தெரியும்.

உங்கள் விஷயத்தில், மாதவிலக்குத் தள்ளிப்போவதும் ஆண்ட்ரோஜென் மிகுதியின் அடையாளமும் இரண்டும் இருக்கின்றன. வேறு காரணங்களை விலக்கிவிட்டால் இவை போதும், முடிவுக்கு ஸ்கேன்கூடத் தேவையில்லை. வேறு காரணங்களை விலக்கத்தான் டிஎஸ்ஹெச் (தைராய்டு), புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் பார்ப்பார்கள். ஆண்ட்ரோஜெனை அளக்க டெஸ்டோஸ்டிரோனும் எஸ்ஹெச்பிஜியும். இவை சேலத்தில் எடுத்துக்கொள்ளக் கூடிய இரத்தப் பரிசோதனைகள்தான், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய்ச் சூரணமோ மலைவேம்புச் சாறோ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் மாமியார் கண் வைக்க வேண்டியது முட்டை மேல் அல்ல, ஜவ்வரிசி மேல். நம் ஊர்ப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் ஜவ்வரிசியில் 85 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, புரதம் ஏறத்தாழ இல்லை. காலையில் ஜவ்வரிசி உப்புமாவும் சாயங்காலம் ஜவ்வரிசி வடையும் தின்றால் இன்சுலின் ஏறி இறங்காமல் என்ன செய்யும்? அதோடு ஒரு முட்டையோ கொண்டைக்கடலையோ சேர்த்து, அளவைக் குறைத்தால் போதும், விலக்கிவைக்க வேண்டியதில்லை.

நீங்கள் எடுத்தே ஆகவேண்டியது 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தால் பிசிஓஎஸ்ஸில் சிலரைத் தவறவிட்டுவிடுவோம். ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுங்கள், டீகூட வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிற ஆளாக இருந்தால் முந்தின இரவே சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். குளுக்கோஸ் தண்ணீரை வாந்தி எடுத்துவிட்டால் டெஸ்டை இன்னொரு நாள் முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும். மாதவிலக்கு மூன்று மாதத்தைத் தாண்டினால் அடுத்த விசிட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே போய்ச் சொல்லுங்கள். கருப்பையின் உள்தோல் உதிராமல் தடித்துக்கொண்டே போவதைத் தடுக்க மாத்திரை தருவார்கள்.